மேல்விலாசம் கிழிந்த பாட்டுகள்: மறந்துபோன தமிழ்த் திரையிசையைத் தேடிக் கண்டெடுக்க ஒரு வழிகாட்டி

என் மாமா எண்பதுகளின் தொடக்கத்தில் பஜாரில் இருந்த ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய டி.டி.கே. 60 கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. உறைக்குள் நீல மையில் பன்னிரண்டு பாட்டுகளின் முதல் வரிகள். கடைசியில் அடிக்கோடு போட்டு ‘அனைத்தும் இளையராஜா’ என்று எழுதியிருக்கிறார்.

ஒரு மழை நாளில் உட்கார்ந்து சரிபார்த்தேன். ‘மழை தருமோ என் மேகம்’ ஷ்யாம் இசையமைத்தது. படம் மனிதரில் இத்தனை நிறங்களா, 1978. ‘ஆனந்த தாகம்’ பாட்டும் ஷ்யாம்தான். வா இந்தப் பக்கம், 1981. ‘தேன் சிந்துதே வானம்’ 1973இல் வந்த பொண்ணுக்குத் தங்க மனசு படத்துக்காக ஜி.கே. வெங்கடேஷ் போட்டது. இளையராஜா அவரிடம் உதவியாளராக இருந்தவர் என்பதால் அந்தக் குழப்பத்திலாவது ஒரு நியாயம் உண்டு.

பழைய பாட்டு தேடப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பாட்டு பெரும்பாலும் எங்கோ பத்திரமாகத்தான் இருக்கிறது. மேல்விலாசம்தான் கிழிந்துபோயிருக்கிறது. எழுபதுகளின் நல்ல பாட்டென்றால் எம்.எஸ்.வி., எண்பதென்றால் இளையராஜா, தொண்ணூறென்றால் ரஹ்மான் என்று நாமே ஒரு முகவரியை ஒட்டிவிடுகிறோம். அந்த மூன்று வீட்டுக்கும் போகாத தபால்களைத் தேடுவதுதான் இந்த வேலை.

முதல் படி: நட்சத்திரத்தை விடுங்கள், இசையமைப்பாளரைப் பிடியுங்கள்

நடிகர் பெயரைப் போட்டுத் தேடினால் ஏற்கெனவே ஆயிரம் முறை கேட்ட பாட்டுதான் வரும். பாடகர் பெயரும் பெரிய உதவி இல்லை. எஸ்.பி.பி. பாடியதையெல்லாம் கேட்டு முடிக்க ஓர் ஆயுள் போதாது. பாட்டுச் செயலிகளோ பலர் கேட்டதையே உங்களுக்கும் பரிமாறும். யாரும் கேட்காததை அவை எடுத்து நீட்டுவது அபூர்வம். இரண்டாம் வரிசை இசையமைப்பாளர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, ஒரு மாதம் அவரோடு மட்டும் குடியிருங்கள். வேலை செய்கிற முறை இதுதான்.

நான் தொடங்கியது வி. குமாரில். கே. பாலசந்தரின் முதல் படமான நீர்க்குமிழி (1965) இவருக்கும் முதல் படம். சீர்காழியின் ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’ எல்லோருக்கும் தெரியும், போட்டவர் பெயர்தான் தெரியாது. அதே ஆண்டு வந்த நாணல் படத்தில் ‘விண்ணுக்கு மேலாடை பருவ மழை மேகம்’ இருக்கிறது. எதிர்நீச்சல் (1968), வெள்ளி விழா (1972), அரங்கேற்றம் (1973) என்று வரிசையாகக் கேட்டு வந்தால் ஒரு கைரேகை பிடிபடும். வாத்தியக் கூட்டம் குறைவு. குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எல்.ஆர். ஈஸ்வரி என்றாலே ஆட்டம் பாட்டம்தான் என்று நினைப்பவர்கள் வெள்ளி விழாவின் ‘காதோடுதான் நான் பாடுவேன்’ கேட்க வேண்டும். அந்தக் குரலை முணுமுணுக்க வைத்தவர் குமார். அதே படத்தின் ‘உனக்கென்ன குறைச்சல்’ பாட்டைப் பாடியவர் எம்.எஸ். விஸ்வநாதன். பாடியதால் இசையும் அவர்தான் என்று பாதிப் பேர் இன்றும் நினைக்கிறார்கள். இன்னொருவர் மெட்டுக்கு வந்து பாடிவிட்டுப் போன எம்.எஸ்.வி.யின் பெருந்தன்மையே குமாரின் பெயரை மறைத்துவிட்டது!

குமார் முடிந்ததும் யாரிடம் போகலாம்? என் விருப்பப்படி சிலரைச் சொல்கிறேன்.

எம்.பி. சீனிவாசன். தமிழில் அவர் செய்த படங்கள் குறைவு. பாதை தெரியுது பார் (1960) படத்தின் ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ ஒன்று போதும். எழுதியவர் ஜெயகாந்தன். பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடியிருக்கிறார்கள். சிறுகதைக்காரர் எழுதிய பாட்டு இத்தனை லேசாக மிதக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அங்கிருந்து மதன மாளிகை (1976) படத்தின் ‘ஏரியிலே ஒரு காஷ்மீர் ரோஜா’வுக்கு நேராகப் போகலாம்.

சூலமங்கலம் ராஜலட்சுமி. கந்தசஷ்டி கவசக் குரலாக வீடு வீடாகத் தெரியும். அவர் படங்களுக்கு இசையமைத்தவர் என்பது தெரியாது. தரிசனம் (1970) படத்தின் ‘இது மாலை நேரத்து மயக்கம்’ அவருடைய மெட்டு. டி.எம்.எஸ். ஒரு பக்கம் வேதாந்தமும் ஈஸ்வரி ஒரு பக்கம் ஆசையுமாக வழக்காடுகிற அந்தப் பாட்டை ஒரு பெண் அமைத்தார் என்று தெரிந்துகொண்டு இன்னொரு முறை கேளுங்கள்.

வயலின் மேதை வி.எஸ். நரசிம்மன். 1986இல் வந்த இளையராஜாவின் ஹௌ டு நேம் இட் தொகுப்பில் வயலின் வாசித்தவர் இவர்தான். அச்சமில்லை அச்சமில்லை (1984) இவர் இசை. எல். வைத்தியநாதனின் ஏழாவது மனிதன் (1982) பாரதியார் பாடல்களாலேயே ஆன தொகுப்பு. முழுதாக, வரிசை மாற்றாமல் கேட்க வேண்டிய தமிழ்த் திரைத் தொகுப்புகள் பத்து என்று யாராவது கேட்டால் இதை முதல் மூன்றுக்குள் வைப்பேன்.

தேவேந்திரனுக்கு நேர்ந்தது தனிச் சோகம். பாரதிராஜா படம், எஸ்.பி.பி., சித்ரா குரல், 1987. ‘கண்ணுக்குள் நூறு நிலவா’ பாட்டை ராஜா கணக்கில் எழுதாத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. வேதம் புதிது படத்தின் டைட்டில் கார்டைப் பாருங்கள், தேவேந்திரன் பெயர் இருக்கும். தொண்ணூறுகளில் பால பாரதி: தலைவாசல் (1992), அமராவதி (1993).

சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் இசையமைப்பாளர் வேதாவைச் சிலர் ‘இந்தி மெட்டுக்காரர்’ என்று தள்ளிவிடுவார்கள். மெட்டு பல இடங்களில் இந்திதான், மறுப்பதற்கில்லை. யார் நீ (1966) படத்தின் ‘நானே வருவேன்’ மதன் மோகன் மெட்டு. ஆனால் வல்லவன் ஒருவன் (1966) போன்ற படங்களின் ஒலியைக் கேட்டால் சேலத்துக்காரர்கள் துப்பறியும் படத்துக்கென்று ஓர் உலகத்தையே கட்டியிருப்பது தெரியும். தள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: முதலில் நோட்டு, பிறகு காது

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கணினியில் போட்டாலும் சரி. படம், ஆண்டு, இசை, பாடலாசிரியர், பாடியவர், எங்கே கேட்டது, எதை வைத்து உறுதி செய்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். இணையத்தில் ஒருவர் தப்பாக எழுதியதைப் பத்துப் பேர் நகலெடுத்திருப்பார்கள். பத்து இடத்தில் இருக்கிறது என்பது சாட்சி ஆகாது.

சாட்சிகளில் தலையாயது டைட்டில் கார்டு. படம் யூடியூபில் கிடைத்தால் முதல் ஐந்து நிமிடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பின்னணி பாடியவர்கள் எல்லோர் பெயரும் அதில் வரும், யார் எந்தப் பாட்டு என்பது வராது. அதற்குப் பாட்டுப் புத்தகம் வேண்டும். தியேட்டர் வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகத்தில் கதைச்சுருக்கம், பாட்டு வரிகள் எல்லாம் இருக்கும். பலவற்றில் பாடியவர், எழுதியவர் பெயரும் உண்டு. கதையைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இந்த வகைத் துண்டுக் காகிதங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். படங்களின் ஆண்டு, கலைஞர் விவரத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு இருக்கிறது. நூலகத்தில் கிடைத்தால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடுவீர்கள்.

மூன்றாம் படி: தேடு பெட்டியில் தட்டும் கலை

முதலில் தமிழ் எழுத்தில் தட்டுங்கள். கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்துக்கு வாருங்கள். அங்கேதான் கூத்து. ழ-வுக்கு இசட்-எச் போடுபவர், எல் போடுபவர், ஒய் போடுபவர் என்று மூன்று கட்சி. ‘தெரியுது’ என்பதன் கடைசி ‘து’வுக்கு டி-எச்சா டி-யூவா என்பதில் ஊருக்கு ஒரு வழக்கம். ஒரே படத்துக்கு நான்கு எழுத்துக்கூட்டலாவது போட்டுப் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

பல்லவி சிக்காவிட்டால் சரணத்தின் முதல் வரி. தொகையறா (பல்லவிக்கு முன் தாளமில்லாமல் பாடும் வரிகள்) உள்ள பாட்டுகளில் சிலர் தொகையறாவின் வரியையே தலைப்பாகப் போட்டிருப்பார்கள். நாம் பல்லவியைத் தேடிக்கொண்டே இருப்போம்.

ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருப்பது அடுத்த பொறி. தேவதை என்றால் ஷ்யாம் இசையில் 1979இல் ஒன்று, இளையராஜா இசையில் 1997இல் ஒன்று. மீரா என்றால் எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1945, இன்னொன்று 1992. செயலிகளில் பழைய படத்தின் பாட்டுக்குப் புதிய படத்தின் அட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டையும் சேர்த்தே தட்டுங்கள்.

கிடைத்தது அசல்தானா என்பது அடுத்த கேள்வி. கேசட் காலத்தில் பழைய பாட்டுக்குப் புதுத் தாளம் சேர்த்தும், வேறு குரல்களை வைத்துத் திரும்பப் பாடியும் விற்றார்கள். 1960களின் பாட்டில் எலெக்ட்ரானிக் டிரம் கேட்டால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சுருதி ஏறியோ இறங்கியோ ஒலித்தால் யாரோ வேகத்தை மாற்றி ஏற்றியிருக்கிறார்கள், அல்லது பதிந்த டெக் சரியாக ஓடவில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சம்தான் பிடிக்கும். நீண்ட பாட்டை இரண்டு பக்கமாக வெட்டிப் போடுவார்கள். பாட்டு சட்டென்று பாதியில் நின்றால் மறுபக்கம் வேறெங்கோ தனியாக ஏற்றப்பட்டிருக்கலாம்.

நான்காம் படி: பி பக்கம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஈ.பி. என்கிற சிறிய இசைத்தட்டில் வழக்கமாக நான்கு பாட்டு. எட்டு, பத்துப் பாட்டு உள்ள படத்தில் எந்த நான்கு முதலில் போகும்? நட்சத்திரத்தின் காதல் பாட்டு, தத்துவப் பாட்டு. துணைப் பாத்திரத்தின் தாலாட்டும் தெருக்கூத்துப் பாட்டும் பின்தங்கும். எண்பதுகளின் கேசட்டிலோ ஏ பக்கம் ஓடிய படம், பி பக்கம் ஓடாத படம். முதல் படத்துக்காகத்தான் வாங்குவோம். இரண்டாவது படத்தின் பெயர்கூட நினைவிருக்காது. ஆனால் சோம்பலில் கேசட்டைத் திருப்பிப் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பலருக்கு வாழ்நாள் பாட்டு கிடைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால், அட்டையில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும் படத்தின் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

படத்தில் இல்லாத பாட்டும் இந்த வகையில் சேரும். ‘புத்தம் புதுக் காலை’ 1981இல் அலைகள் ஓய்வதில்லை இசைத்தட்டில் வந்தது, படத்தில் இல்லை. அது பிழைத்து ஊரறிந்த பாட்டாகிவிட்டது. பிழைக்காதவை அதிகம். படமே வராமல் போனதும் உண்டு. செம்மீன் எடுத்த ராமு காரியட் தமிழில் தொடங்கிய கரும்பு வெளிவரவே இல்லை. அதற்கு சலில் சௌத்ரி இசையமைத்த ‘திங்கள் மாலை வெண்குடையான்’ மட்டும் தப்பியது. சிலப்பதிகாரத்துக் கானல்வரி, வங்காளியின் மெட்டு, மலையாள இயக்குநர். யேசுதாஸ் பாடியதும் சுசீலா பாடியதும் என இரண்டு வடிவங்களும் கிடைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிறகு அதே சலில் சௌத்ரியின் அழியாத கோலங்கள் (1979) பக்கம் போய் ‘பூவண்ணம் போல நெஞ்சம்’ கேட்டால் அந்த நாள் நிறைவாக முடியும்.

ஐந்தாம் படி: மனிதர்களைக் கேளுங்கள்

கிராமத்து மைக் செட்காரர்கள்தான் இந்த நாட்டின் உண்மையான ஒலி நூலகர்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று கூம்பு ஸ்பீக்கர் கட்டிய குடும்பங்களில் தட்டுப் பெட்டிகளை இன்றும் விற்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. போனதும் ‘என்ன விலை?’ என்று கேட்காதீர்கள். ‘அண்ணே, அந்தக் காலத்துல பொண்ணு அழைப்புக்கு எந்தப் பாட்டு போடுவீங்க?’ என்று ஆரம்பியுங்கள். அரை மணி நேரத்தில் நீங்கள் கேள்விப்படாத ஐந்து பாட்டு வரும்.

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் இன்னொரு சுரங்கம். 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சராகி அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கிவிட்டார். சினிமாப் பாட்டு ஒலித்த அதன் விவித் பாரதி சேவை வந்ததே 1957 அக்டோபரில்தான். இடைப்பட்ட காலத்தில் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பிய வீடுகள் பிறகும் திரும்பி வரவில்லை. இங்கே இரண்டு வாரம் ஓடாத படத்தின் பாட்டும் அங்கே ஆண்டுக்கணக்கில் ஒலித்தது. அங்கேயே பிறந்த பொப் (பாப்) இசையும் உண்டு. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ கேட்டுவிட்டு ஏ.இ. மனோகரன் பக்கம் போங்கள். யாழ்ப்பாணத்து, கொழும்புத் தாத்தா பாட்டிகளிடம் பேச்சுக் கொடுத்தால் பட்டியல் நீளும்.

அவர்கள் பாடிக் காட்டுவதை, அனுமதி கேட்டு, செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். வரி தப்பாக இருக்கும், மெட்டு பெரும்பாலும் தப்பாது.

ஆறாம் படி: கையில் கிடைத்ததைக் காப்பாற்றுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். கேசட்டைப் போட்டவுடன் பாடவிடாதீர்கள். முதலில் ஒருமுறை ஃபாஸ்ட் ஃபார்வர்டில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிக்கிடக்கும் நாடா தளரும். உள்ளே நாடாவை ஹெட்டில் அழுத்தும் சின்னப் பஞ்சுத் திண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும். திருகு போட்ட வேறொரு காலிக் கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

அதே ஆல்கஹாலைப் பழைய 78 தட்டில் மட்டும் தொடவே கூடாது. அது அரக்குத் தட்டு, கரைந்துவிடும். சுத்தமான தண்ணீர், மெல்லிய துணி போதும். 78 தட்டின் பள்ளம் எல்.பி. என்கிற பிற்கால நெடுநேரத் தட்டைவிட அகலம், அதனால் அதற்கென்று தனி ஊசி வாங்க வேண்டும். எல்.பி. ஊசியில் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசிதான் பாடும்.

கணினியில் பதியும்போது முதலில் சுருக்காத கோப்பாகப் பதியுங்கள். இரைச்சல் நீக்குவதை நகலில் செய்யுங்கள், அசலில் கை வைக்க வேண்டாம். தட்டின் லேபிள், அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், எண் எல்லாவற்றையும் படம் எடுத்துக் கோப்போடு வையுங்கள். கேசட்டின் கையெழுத்துப் பட்டியலையும்தான்.

ஊருக்குப் பகிர நினைத்தால் சட்டம் ஒன்று உண்டு. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு, படைத்தவர் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டுகள். தட்டு பழசு என்பதால் பாட்டும் பொதுச்சொத்து ஆகிவிடாது.

ஏழாம் படி: கேட்பது

இத்தனை பாடுபட்டுக் கண்டெடுத்த பாட்டை, பாத்திரம் கழுவிக்கொண்டே ஒருமுறை கேட்டுவிட்டு ‘சுமார்’ என்று முடிவு செய்வது அநியாயம். நான் மூன்று முறை கேட்பேன். முதல் முறை படம் பார்க்காமல். பழைய பாட்டுகளைக் கெடுத்ததில் மரத்தைச் சுற்றிய ஓட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது முறை இடையிசைக்காக: முதல் இடையிசையும் இரண்டாவதும் ஒன்றேயா, வேறா? மூன்றாவது முறை கடைசிச் சரணத்துக்காக. வானொலியில் பெரும்பாலும் வெட்டுப்படுவது அதுதான். அதனாலேயே நமக்குத் தெரிந்த பாட்டிலும் தெரியாத ஒரு சரணம் ஒளிந்திருக்கும்.

பிடிக்காத பாட்டுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கருத்து மாறும். எனக்கு வேதா விஷயத்தில் மாறியது.

மாமாவின் கேசட்டை முழுதாகக் கணினியில் ஏற்றி, பெயர்களைத் திருத்தி, ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருத்திய பட்டியலையும் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார்.

“ஷ்யாமா? யாருப்பா அது?”

சொன்னேன்.

“நாற்பது வருஷமா ராஜான்னுல்ல சொல்லிட்டுத் திரிஞ்சேன்.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சரி, அந்த மழைப் பாட்ட இன்னொருக்கா போடு” என்றார்.